பக்கவாட்டில் போன ஜெபங்கள்

சாலேம்புரத்தில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையிலிருந்து ஜெபங்கள் மேலே போவதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் போகத் தொடங்கின. அதாவது, ஒருவர் தன் வீட்டில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடிச் சொன்னது, அதே ஊரில் அவர் ஒருநாளும் வாசற்படி மிதித்திராத இன்னொரு வீட்டுத் தண்ணீர்க் குடத்துக்குள் போய்த் தங்கி, அந்த வீட்டுக்காரர் காபிக்கோ உலைக்கோ தண்ணீர் மொள்ள மூடியைத் திறந்ததும், சொன்னவர் குரலிலேயே, சொன்னவர் இருமிய இடத்தில் இருமி, ஆமென் வரைக்கும் ஒலித்து அடங்கியது. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும், வீட்டுக்கு இருபது குடமாவது நிறைந்து நிற்கும், ஆகையால் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஏன் இப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், எங்கள் ஊரில் ஏன் இரண்டு கல்லறைத் தோட்டம் என்பதற்கே இதுவரை யாரும் எனக்கு ஒழுங்கான பதில் சொன்னதில்லை.

இரண்டு தெரு எங்கள் ஊர். மேலத் தெரு, கீழத் தெரு, நடுவில் ஓர் ஓடை, ஓடைமேல் ஒரு கல்பாலம். ஒரே சபை, ஒரே ஞானஸ்நானத் தொட்டி, ஒரே பாமாலைப் புத்தகம். ஆனால் ஈஸ்டர் முடிந்து சபை முழுவதும் ஒன்றாகப் பொங்கிச் சாப்பிடுகிற அசனத்தன்று மட்டும் முதல் பந்தி மேலத் தெருவுக்கு, இரண்டாம் பந்தி கீழத் தெருவுக்கு. போன வருஷம் சபைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, "இது எந்த வசனத்துல இருக்கு?" என்று கேட்டேன். கமிட்டிச் செயலர் மாசிலாமணி மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாத்துக்கும் வசனம் கேக்கக் கூடாது கெசியா, பழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார். நானும் மேலத் தெருக்காரிதான், முதல் பந்தியில் வளர்ந்தவள்தான். அதனால்தான் கோபம் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு ஞானபாக்கியம் அத்தை. அப்பாவின் அக்கா, கணவர் இல்லை, ஒரே மகன் கெர்சோம் பெங்களூரில். ஜனவரி மாதம் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். காலை ஏழு மணிக்கு விழுந்தவளை மறுநாள் காலை பால்காரர் வந்துதான் கண்டுபிடித்தார். எதிர்வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் கவனிக்கவில்லை, இதை நான் எழுதித்தான் ஆகவேண்டும். கெர்சோம் ஓடி வந்தான், அழுதான், பிறகு தீர்மானமாகச் சொன்னான்: "ஈஸ்டருக்கு வருவேன். உங்களுக்குன்னு இந்த ஊர்ல ஒரு ஆளைக் காட்டுங்கம்மா, நான் விட்டுட்டுப் போறேன். இல்லன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வாங்க." பதினோராவது மாடி. கீழே பார்த்தால் தலை சுற்றும், பக்கத்து வீட்டுக்காரர் பேர் தெரியாது. அத்தை அங்கே ஒருமுறை பத்து நாள் இருந்துவிட்டு வந்து, "உயிரோட பரலோகத்துல ஏத்தி வச்ச மாதிரி இருக்கு, ஆனா அங்க ஒரு தூதனும் இல்ல" என்றாள்.

ஆகவே அத்தை ஆள் தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காததால் ஜெபித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அவள் சொன்ன ஜெபம் கல்பாலத்தைத் தாண்டி, கீழத் தெருவில் சலோமி வீட்டுப் பச்சைக் குடத்துக்குள் போய் உட்கார்ந்தது. சலோமி இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எட்டுக் கோழி வளர்க்கிறாள், சிரித்தால் ஓடைக்கு இந்தப் பக்கம் கேட்கும். புதன்கிழமை காலை காபி போட மூடியைத் திறந்தவள் காதில் விழுந்தது இதுதான்:

"பரலோகப் பிதாவே, ஈஸ்டருக்குள்ள எனக்கு வேலைக்கு ஒரு பெண்பிள்ளையை அனுப்பும், திருடாதவளா, இடுப்பு வலி இல்லாதவளா, வாயாடாதவளா, மேலத் தெருவுல கிடைக்கலன்னா கீழத் தெருவா இருந்தாலும் பரவாயில்ல, சோத்துக்குத் தனித் தட்டு வச்சுக்கிடுதேன், ஆமென்."

சலோமி காபி போடவில்லை. அடுப்பை அணைத்தாள், நல்ல சேலை ஒன்றை எடுத்துக் கட்டினாள், ஒரு எவர்சில்வர் தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கல்பாலத்தைக் கடந்து, பின்வாசலுக்குச் சுற்றிப் போகாமல் நேராக அத்தை வீட்டு முன்கதவைத் தட்டினாள். நான் எங்கள் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஸ்தோத்திரம். ஆள் வேணும்னு கேட்டியளாமே, வந்திருக்கேன்."

"நான் யார்ட்ட கேட்டேன்? ஒருத்தர்ட்டயும் மூச்சு விடலையே!"

"ஆண்டவர்ட்ட கேட்டிய. அவர் எங்க வீட்டுக் குடத்துல போட்டுட்டாரு. திருட மாட்டேன், இருபத்தெட்டு வருஷத்துல ஒரு முட்டை குறைஞ்சதில்ல. இடுப்பு வலி கிடையாது. வாய் மட்டும் உண்டு, அதை ஆண்டவர் கவனிக்கல போல. இந்தா, தட்டும் கொண்டாந்துட்டேன். தனித் தட்டுக்கு உங்களுக்கு ஏன் வீண் செலவு?"

அத்தையின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு என்ன நிறமென்று சொல்லமுடியாத ஒரு நிறத்தில் நின்றது. கதவைச் சாத்திவிடுவாள் என்றே நினைத்தேன். அத்தை கதவைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, "உள்ள வா. தெருவுல நின்னு ஏசாத" என்றாள்.

சலோமி உள்ளே போய் ஏசினாள். இரண்டு மணிநேரம். நடுவில் அத்தை, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, தான் குடிக்க ஆற்றி வைத்திருந்த காபியை அப்படியே எடுத்து நீட்ட, சலோமி அதைக் குடித்து, "சீனி பத்தல" என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஏசினாள். தன் அம்மாவின் காலத்திலிருந்து தொடங்கினாள். பின்வாசல், தனி டம்ளர், இரண்டாம் பந்தியில் ஆறிப்போன சோறு என்று ஒன்று விடவில்லை. போகும்போது வாசலில் நின்று, "வேலைக்கெல்லாம் நான் வர மாட்டேன். மிச்சத்தை ஏசுததுக்கு நாளைக்கு வாரேன்" என்றாள். மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

இதற்குள் ஊர் முழுக்கக் குடங்கள் பேச ஆரம்பித்திருந்தன. எங்கள் சனங்களுக்கு இதில் ஆச்சரியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கஷ்டம்தான் இருந்தது: ஆண்டவர் விலாசம் தவறிப் போடுகிறார் என்று முடிவு கட்டி, "எங்கள் பிதாவே, இது மேலத் தெரு பதினாலாம் நம்பர், பச்சைக் கேட்டு வீட்டிலிருந்து" என்று கதவு எண்ணோடு ஜெபிக்கத் தொடங்கினார்கள், சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று பின்கோடும் சேர்த்துக்கொண்டார்கள், ஜெபம் கதவு எண்ணோடும் பின்கோடோடும் எதிர்த் தெருக் குடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, இதனால் யார் வீட்டு ஜெபம் என்பதில் முன்பிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குடிக்க உகந்தது என்று தாள் வந்தது. கமிட்டி கூடி, இனிமேல் சபையார் அனைவரும் மனதுக்குள்ளேயே ஜெபிக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது. மனதுக்குள் ஜெபித்தவை இன்னும் சத்தமாக ஒலித்தன. தீர்மானம் போட்ட மறுநாள் காலை மாசிலாமணி மாமா வீட்டுச் சிவப்புக் குடம், பட்டப்பகலில், சலோமியின் குரலில், "அந்த மாசிலாமணிக்கு நல்ல புத்தி கொடும் ஆண்டவரே, அவசரமில்ல, ஈஸ்டருக்குள்ள போதும்" என்று சொன்னதை அவருடைய மனைவியே ஊருக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வாரம் ஜெபங்களில் நாகரிகம் வந்தது. பக்கத்தில் ஆட்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் எல்லாரும் அழகழகாக, சகல ஜனங்களுக்காகவும் தேசத்தின் தலைவர்களுக்காகவும் ஜெபித்தார்கள். பத்து நாள் தாங்கியது. அழகாக ஜெபித்துக்கொண்டே எத்தனை நாள்தான் இருப்பது? பிறகு அவரவர் பழையபடி வயிற்றுவலியையும் மருமகளையும் சொல்லத் தொடங்கினார்கள். அப்போதுதான் வேடிக்கை. கீழத் தெருப் பிள்ளையொருத்தி, "அந்த மோல் கணக்கு மட்டும் பரீட்சைக்கு வராம பாத்துக்கிடும் இயேசப்பா" என்று ஜெபித்தது, மேலத் தெருவில் ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார் வீட்டுக் குடத்தில் கேட்க, அவருக்குப் பொறுக்கவில்லை, "ஏன் வரக் கூடாது? வரணும், வரட்டும்!" என்று கையில் சாக்பீசோடு அவர் கல்பாலத்தைக் கடந்த வேகத்தில் ஒரு செருப்பு ஓடைக்குள் விழுந்தது. எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், இந்தச் சபையிலிருந்து தமக்கு மாறுதல் வேண்டும் என்று கண்ணீரோடு கேட்டது ஒரு கொத்தனார் வீட்டில் ஒலித்தது, ஊருக்கே மனவருத்தம், ஆனால் கொத்தனார் ஜெபத்தை முழுசாகக் கேட்டவர், கட்டில்மேல் மழை ஒழுகுகிறது என்ற இடத்தைக் கவனித்தவர், மறுநாள் நாலு பேரோடு ஏணி தூக்கி வந்து, "மாறுதலை அப்புறம் யோசிப்பம் ஐயரே, மொதல்ல ஓட்டை மாத்துவம்" என்று ஐயர் குடியிருக்கும் குருமனைக் கூரையில் ஏறிவிட்டார். தெருவில் யாரையாவது பார்த்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "குடம் கூப்பிட்டுச்சு" என்பார்கள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் மெதுவாகப் புரிந்துகொண்டோம். ஜெபித்தவர் அந்த வீட்டுக்குள் ஒருமுறை கால் வைத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அவருடைய ஜெபம் அந்த வீட்டுக்குப் போகாது. இன்னும் மிதிக்காத வேறொரு வீட்டைத் தேடிப் போகும். வாத்தியார் வீட்டுக்கு அந்தப் பிள்ளை நோட்டோடு வந்து உட்கார்ந்த அன்றே அவர் குடம் அடங்கிவிட்டது. ஐயரிடம் போய்ச் சண்டை போட்டேன். "இது ஆண்டவர் சித்தம்னா, இருநூறு வருஷமா எங்க போச்சு அந்தச் சித்தம்? இந்த லெந்துல வந்தது போன லெந்துல ஏன் வரல?"

ஐயர் புதிதாக வேய்ந்த கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "வந்துக்கிட்டேதான் இருந்திருக்கும்மா. நம்மதான் மூடியைத் திறந்து கேக்கல போல" என்றார். எனக்கு இன்னும் இந்தப் பதிலில் திருப்தி இல்லை. ஆனால் மறுத்துச் சொல்லவும் ஒன்றும் கிடைக்கவில்லை, அது எனக்கு அடிக்கடி நடக்கிற காரியமில்லை. (ஈஸ்டர் முடிந்து நடந்த இந்த வருஷத்து அசனத்தில் ஒரே பந்தி என்று யாரும் தீர்மானம் போடவில்லை. முதல் பந்திக்கு இலை போட்டபோது, அவரவர் தங்கள் குடத்து ஆள் வரட்டும் என்று நின்றுவிட, கமிட்டிக்காரர்கள் ஏழு பேர் மட்டும் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர்களும் வெட்கப்பட்டு எழுந்து, சோற்று வாளியைத் தூக்கிப் பரிமாற வந்தார்கள்.)

சலோமியும் அத்தையும் தினம் சண்டை போட்டார்கள். மூன்றாவது வாரத்தில் ஏசுவதற்கு விஷயம் தீர்ந்துபோக, சலோமி வழக்கை வேறு பக்கம் திருப்பினாள். "நான் உங்களை 'நீங்க'ங்கேன். நீங்க என்னை 'நீ'ங்கிய. இது எப்படி? ஒண்ணு நீங்களும் 'நீங்க'ன்னு சொல்லணும், இல்லன்னா நானும் 'நீ'ன்னு சொல்லணும்."

அத்தை ஒருநாள் முழுக்க யோசித்தாள். மறுநாள் சலோமியைப் பார்த்து, "சலோமி, நீங்க... உக்காருங்க" என்று சொல்லிவிட்டுச் சிரிப்புத் தாங்காமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இது வாயில நிக்க மாட்டேங்குது. நீயே என்னை 'நீ'ன்னு சொல்லிரு."

"சரிட்டி பாக்கியம்" என்றாள் சலோமி, ஒரு நொடிகூடத் தாமதிக்காமல். அத்தையை, தம்பியாக என் அப்பா பிறந்து அவள் அக்கா ஆனதிலிருந்து, யாரும் இப்படி 'ஏட்டி' என்று உரிமையாகக் கூப்பிட்டிருக்கமாட்டார்கள். அவள் முகத்தில் பத்து வயது குறைந்ததை நான் பார்த்தேன்.

அதன்பிறகு அத்தையின் ஜெபம் கெட்டுப்போனது. ஆண்டவரே என்று ஆரம்பித்து, இரண்டாவது வரியிலேயே, "சலோமி, நாளைக்கு வரும்போது கொஞ்சம் கறிவேப்பிலை கொண்டா, நேத்து நீ வச்ச குழம்புல உப்புக் கூட, ஆமென்" என்று முடித்துவிடுவாள். இதெல்லாம் ஜெபக் கணக்கில் சேருமா என்று கேட்டேன். "கறிவேப்பிலை வருதுல்லா?" என்றாள்.

ஆனால் ஒன்று. சலோமிதான் வந்தாள், அத்தை ஒருநாளும் போகவில்லை. இடுப்பு வலி என்றாள். கல்பாலத்தில் கைப்பிடி இல்லை என்றாள். வீட்டுக்குள் காலை வைத்துவிட்டால் பிறகு ஜெபம் அங்கே போகாதே, ஒரு ஆத்திரம் அவசரத்துக்கு எப்படிக் கூப்பிடுவது என்றாள். ஒரு காரியத்துக்கு மூன்று காரணம் சொன்னால் நான்காவதாக ஒன்று சொல்லாமல் கிடக்கிறது என்று அர்த்தம். அந்த நான்காவது காரணம் அத்தைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சலோமிக்கு எல்லாரைவிடவும் நன்றாகத் தெரியும்; தெரிந்துகொண்டேதான் அவள் தினமும் பாலத்தைக் கடந்து வந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன்கிழமை சலோமி வரவில்லை. அத்தை காலையில் ஜெபித்தாள். பத்து மணிக்கு ஜெபித்தாள். மதியம் சாப்பிடாமல் ஜெபித்தாள். மூன்று மணிக்கு வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"கெசியா, நீ ஓடிப்போய்ப் பாத்துட்டு வாம்மா. அவ மூடியே திறக்கல போலருக்கு. என்னமோ ஆயிருச்சு."

நான் எழுந்தேன். பிறகு உட்கார்ந்தேன். "அவங்க எனக்கு வந்த ஆளா, உங்களுக்கு வந்த ஆளா?"

"இப்பவா வாதம் பண்ணுவ!"

"இப்பதான் பண்ணணும் அத்தை."

அத்தை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கப்போவதில்லை. சுவரில் சாய்த்திருந்த தடியை எடுத்தாள். நாலு வீடு தாண்டும் முன்பே மேலத் தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. மாசிலாமணி மாமா, "எங்க மைனி, இந்த வெயில்ல?" என்று கேட்டார். "குடம் கூப்பிடல மாசிலாமணி, அதான் போறேன்" என்றாள் அத்தை. பாலத்தில் நான் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள். கீழத் தெருவுக்குள் அறுபத்து நான்கு வருஷத்தில் முதல்முறையாக நடந்தாள். கோழிகள் விலகின. சலோமி வீட்டு நடையில் தடியை ஊன்றி, செருப்பைக் கழற்றி, கும்பிடவோ யோசிக்கவோ நிற்காமல் உள்ளே காலெடுத்து வைத்தாள்.

சலோமி கட்டிலில் காய்ச்சலில் கிடந்தாள். கண்ணைத் திறந்து, "ஏட்டி, நீயா? கனவா?" என்றாள்.

"கனவுன்னா இடுப்பு இப்படியா வலிக்கும்? மூடிட்டுப் படு." அத்தை கஞ்சிக்குத் தண்ணீர் மொள்ளப் பச்சைக் குடத்தின் மூடியைத் திறந்தாள். அங்கே காலையிலிருந்து அடைந்து கிடந்ததெல்லாம் அத்தையின் குரலில் ஒவ்வொன்றாக எழும்பி வந்தது: எங்க போய்த் தொலைஞ்சா ஆண்டவரே என்று ஒன்று, காபி ஆறிப்போச்சு என்று ஒன்று, மூன்றாவது தொடங்கியதும் அத்தை பதறிப்போய் மூடியை அழுத்தினாள், ஆனால் ஜெபத்தை யார் மூட முடியும், விரலிடுக்கில் வழிந்து அது அறை முழுக்க நிறைந்தது. "எனக்கு வேலைக்கு ஆள் வேண்டாம் ஆண்டவரே. நான் கேட்டது தப்பு. எனக்கு சலோமி போதும். அவளுக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாது."

ஆமென் என்றதும் குடம் அடங்கியது.  கட்டிலிலிருந்து, "இதை வாயைத் திறந்து என்கிட்டயே சொல்லியிருக்கலாம்லா" என்று சலோமி மெதுவாகச் சொல்ல, "இனிமே அப்படித்தானட்டி சொல்லணும், வேற வழி?" என்றாள் அத்தை, முதுகைக் காட்டிக்கொண்டே.

அத்தை வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டாள். மறுநாள் மதியம் கெர்சோம் காரில் வந்தான். பின் இருக்கையில் மடித்த அட்டைப்பெட்டிகள், கயிறு. வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் எங்கள் கதவைத் தட்டினான். நான் அவனைக் கூட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தேன். சலோமி வீட்டில் காய்ச்சல்காரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், அத்தை பக்கத்தில் ஸ்டூலில், இருவர் கையிலும் கஞ்சிக் கிண்ணம், உப்பு கூடவா குறைவா என்று வழக்கு நடந்துகொண்டிருந்தது. கெர்சோம் நடையிலேயே நின்றான்.

"அம்மா, இங்க என்ன பண்றீங்க?"

"ஒரு ஆளைக் காட்டச் சொன்னியே. இந்தா இருக்கா."

கெர்சோம் கட்டிலைப் பார்த்தான். "காய்ச்சல்ல கிடக்காங்க. இவங்களையே நீங்கதான பாத்துக்கிறீங்க!"

"ஆமா. அதுக்கென்ன?"

 கெர்சோம் நல்லவன்தான், பயந்தவன், அம்மா ஒருநாள் முழுக்க ஈரத் தரையில் கிடந்ததை அவனால் மறக்க முடியவில்லை. நேராகச் சலோமியைப் பார்த்துக் கேட்டான். "அம்மா மறுபடி விழுந்தா என்ன செய்வீங்க?"

"எழுப்புவேன்" என்றாள் சலோமி. "எழும்ப முடியலன்னா ஆள் வர்ற வரைக்கும் பக்கத்துல தரையில உக்காந்திருப்பேன். தனியாக் கிடக்க விடமாட்டேன். நான் விழுந்தா அவ செய்வா, நேத்துப் பாத்தேன்."

 கெர்சோம் குனிந்து ஷூவைக் கழற்றினான், உள்ளே வந்தான், உட்கார இடமில்லாமல் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "உங்க நம்பர் சொல்லுங்க." சலோமி சொன்னாள். அவன் விரல் நின்றது. "என்ன பேர் போடட்டும்?"

"சித்தின்னு போடு" என்றாள் அத்தை.

"ஏன் சித்தி?" என்று சலோமி கட்டிலில் நிமிர்ந்தாள். "நான் இவளுக்கு ரெண்டு வயசு மூத்தவ. பெரியம்மான்னு போடு."

"யாரு மூத்தவ? போய்க் கண்ணாடில பாரு!"

"ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் பாப்பமா?"

கெர்சோம் 'பெரியம்மா' என்று போட்டுக்கொண்டான். பதிவேட்டைக் கேட்டு அத்தை என்னை ஐயரிடம் அனுப்பினாள்.